கேடட் கொடிக்காவல் அணி: சேரும்போதும் பயிலும்போதும் நேரும் தவறுகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ‘கலர் கார்டு’ என்ற பெயரில் இரண்டு வேறு குழுக்கள் இயங்குவதால், பெயரை மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. இசைக்குழுவோடு கொடிகளைச் சுழற்றி ஆடும் குழு ஒன்று. ஜேஆர்ஓடிசி, சிவில் ஏர் பேட்ரோல் போன்ற கேடட் (ராணுவப் பாணியில் பயிற்சி பெறும் மாணவர்) அமைப்புகளில் தேசியக் கொடியை ஏந்திச் செல்லும் அணி மற்றொன்று. இங்கே பேசப்படுவது இரண்டாவதைப் பற்றி. ஜேஆர்ஓடிசி (இளையோர் ரிசர்வ் அதிகாரிகள் பயிற்சிப் படை) 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தொடங்கிய பள்ளித் திட்டம். அமெரிக்க விமானப்படையின் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோல் 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களைக் கேடட்டுகளாகச் சேர்த்துக்கொள்கிறது.

சேர்ந்த உடனே கொடியைக் கையில் எடுக்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அடிப்படைக் கவாத்து கால்களில் படிவதற்குள் கொடியைத் தூக்குபவர், நடையையும் தண்டையும் ஒருசேரக் கவனிக்க முடியாமல் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார். வெறும் கம்பை வைத்தே பயிற்சியை முடித்துக்கொள்வது இதற்கு நேர்மாறான தவறு. சுமார் 8 அடித் தண்டில் கட்டிய துணி காற்றில் விரியும்போது தரும் இழுவையை முதன்முறையாக விழா நாளில் உணர்வது நல்லதல்ல.

கொடித்தண்டைத் தாங்க தோளில் மாட்டும் தோள்வாரைச் சரிசெய்வதில் காட்டும் அலட்சியத்தைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை, பார்வையாளர்களோ அதைத்தான் முதலில் கவனிக்கிறார்கள். தண்டின் அடி பொருந்தும் குழி ஒருவருக்கு இடுப்பிலும் மற்றவருக்குத் தொடையருகிலும் தொங்கினால், கொடிகளின் உச்சிகள் ஏறுக்குமாறாகத் தெரியும். ஏந்துபவர்கள் இருவரும் ஏறத்தாழ ஒரே உயரமுள்ளவர்களாக இருப்பது நல்லது. அப்படி அமையாதபோது வாரின் நீளத்தை மாற்றி உச்சிகளைச் சமமாக்கி, வாரில் அந்த நீளத்துக்கான துளையில் அடையாளம் இட்டு வைத்துக்கொள்ளலாம்.

வரிசையில் பொதுவாக நால்வர் இருப்பார்கள்: நடுவில் தேசியக் கொடியையும் அமைப்பின் கொடியையும் ஏந்தும் இருவர், இரு ஓரங்களிலும் துப்பாக்கியுடன் காவலர்கள். அணி நடக்கும் திசைக்கு வலப்புறத்தில் தேசியக் கொடி இருக்க வேண்டும் என்பது கொடி விதி. இதை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, திரும்பிச் செல்ல வேண்டிய இடத்தில் ‘அபவுட் ஃபேஸ்’ (நின்ற இடத்திலேயே ஒவ்வொருவரும் பின்புறம் திரும்புவது) செய்துவிடுகிறார்கள். அப்போது வரிசை அப்படியே பின்னோக்கித் திரும்புவதால் தேசியக் கொடி இடப்புறத்திற்குப் போய்விடுகிறது. அதனால்தான் ராணுவக் கையேட்டில் இதற்கென்று தனி நகர்வு தரப்பட்டுள்ளது. வளைவில் திரும்பும்போதும் ஒவ்வொருவரும் தம் போக்கில் நடக்கக் கூடாது: திரும்பும் பக்கத்து ஓரக் காவலர் நின்ற இடத்திலேயே சுழல, மற்றவர்கள் அடியைக் குறுக்கி, தோளோடு தோள் விலகாமல் வளைந்து வர வேண்டும். என் கணிப்பில், பயிற்சி நேரத்தில் பாதியை வளைந்து திரும்பும் இந்த ஒரு நகர்வுக்கே ஒதுக்கினாலும் தகும்.

மரியாதை செலுத்தும் நேரத்தில் அமைப்பின் கொடி தாழும், தேசியக் கொடி தாழாது. பதற்றத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தானும் தாழ்த்திவிடும் கேடட்டைப் போட்டிகளில் எந்த நடுவரும் விட்டுவைக்க மாட்டார். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் முறைகள் சில இடங்களில் வேறுபடுவதால், இணையக் காணொளிகளில் கண்டதைக் கலந்து பழகாமல் உங்கள் அமைப்பு பின்பற்றும் ஒரே கையேட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீண்ட விழாக்களில் முழங்காலை இறுக்கி நிற்பது ஆபத்தானது. ரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குச் செல்வது குறைந்து, நின்றவாக்கிலேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. முழங்காலைச் சற்றே தளர்த்தி, காலணிக்குள் விரல்களை அசைத்துக்கொண்டிருங்கள், வெளியே தெரியாது. காலையில் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் வருவதும் இதே வகைதான். நால்வருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு மாற்று ஆளைத் தயார் செய்யாத அணி, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே நின்றுபோகும்.

அரங்கத்தின் வாசல் உயரத்தையும், கூரையில் தொங்கும் விளக்குகளையும், மேடைப் படிகளையும் முன்கூட்டியே போய்ப் பார்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. தாழ்ந்த வாசலில் தண்டுகளை எந்தக் கட்டளைக்கு, யார் முதலில் சாய்ப்பது என்பதை அங்கேயே ஒருமுறை நடந்து பார்த்து முடிவு செய்துவிட வேண்டும்.