மாயாவியை மஞ்சக்குப்பத்தில் இறக்குவது எப்படி?

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். கடை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், மஞ்சக்குப்பமும் இதே ஊர்தான். முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் மூன்று வருடமாக ஒரே திரைக்கதையைக் கிழித்துக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் காமிக்ஸ் நாயகனான இரும்புக்கை மாயாவி. 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் பிறந்து, 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸில் தமிழ் பேசத் தொடங்கியவன். அவனை இன்றைய கடலூரில் நம்பும்படி நடமாடவிடுவதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். (படமாக வெளியிட உரிமை வாங்க வேண்டும். எழுதிப் பழக யாரையும் கேட்க வேண்டாம்.)

எதைத் தொடக்கூடாது என்று முதலில் கண்டுபிடியுங்கள். காமிக்ஸ் படித்து வளர்ந்த நாலைந்து பேரிடம் டீக்கடையில் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "கரண்ட்ல கைய வெப்பான், ஆள் மறைஞ்சிடுவான், கை மட்டும் தெரியும்." லூயிஸ் கிராண்டேல் என்ற அவனுடைய இயற்பெயர் ஒருவருக்குத்தான் ஞாபகம் இருந்தது. அவன் வேலை பார்த்த நிழற்படை என்ற உளவு அமைப்பு யாருக்கும் நினைவில்லை. ஆக, அந்தரத்தில் மிதக்கும் கை இருந்தே ஆகவேண்டும். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

அடுத்து, கை எப்படிப் போனது? மூலக்கதையில் ஆய்வுக்கூட விபத்து. நான் அதை அப்படியே நெய்வேலிக்கு மாற்றி, ஒரு விஞ்ஞானியையும் நாலு கண்ணாடிக் குழாயையும் வைத்திருந்தேன். ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற என் மாமா படித்துவிட்டு, "இதுக்கு எதுக்கு மாப்ள விஞ்ஞானி? தானே புயல் போதாதா?" என்றார்.

2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே கரையேறியது. ஆயிரக்கணக்கில் கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்ட ஆட்களெல்லாம் வந்து நட்டார்கள். மாமா சொல்லிக்கொடுத்த விபத்து இது: எல்.சி. (லைனை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்கியாகிவிட்டது, லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி ஒருவன் 11,000 வோல்ட் கம்பத்தில் ஏறுகிறான். கீழே ஒரு வீட்டில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து பிரிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கிலேயே செருகியிருக்கிறார்கள். அந்த 230 வோல்ட் தெருக் கம்பிக்குத் திரும்பி, டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் புகுந்து, 11,000 ஆக மேலே ஏறுகிறது. விஞ்ஞானியை அன்று ராத்திரியே கதையிலிருந்து அடித்து நீக்கிவிட்டேன்.

வில்லனும் அங்கேயே கிடைத்தான். அந்த ஜெனரேட்டரை ஓட்டி, ஒரு செல்போன் சார்ஜ் போட 10 ரூபாய் வாங்கிய மளிகைக் கடைக்காரர். உலகத்தை ஆளும் ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. தன்னால் ஒருவனுக்குக் கை போனதே அவருக்குத் தெரியாது.

இனி பொய். ஒன்றே ஒன்றுதான் அனுமதி: ஷாக் அடித்தால் மறைவான். அதற்குப் பிறகு எல்லாமே கணக்காக வரவேண்டும். புது வீடுகளில் ஈ.எல்.சி.பி. என்ற, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே டிரிப் ஆகிவிடும். புதுச்சேரியின் புது அடுக்குமாடி ஒன்றில் நம் ஆள் பிளக்கில் விரலை வைத்தால், வீடு இருட்டாகும், அவன் அப்படியே நிற்பான். பழைய பியூஸ் கட்டை உள்ள வீடாகத் தேடி அலைய வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் கண். வெளிச்சம் உடம்பைத் துளைத்துக்கொண்டு போனால் விழித்திரையிலும் நிற்காது. அதாவது மறைந்திருக்கும்வரை அவனுக்குப் பார்வை கிடையாது! இதை மறைக்கப் பார்க்காதீர்கள். நான் அவனை முந்தின நாளே போய் அடியெண்ணிப் பார்த்துவரச் செய்தேன். வாசலிலிருந்து பீரோவுக்குப் பதினேழு அடி. நடுவில் யாரோ ஒரு ஸ்டூலை நகர்த்தி வைத்துவிட்டால் போதும், சண்டைக்காட்சியே வேண்டாம்.

கையை முழு இரும்பாக வைக்காதீர்கள். நம் துறைமுக உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். இப்போது தசையின் மின்சமிக்ஞையை வாங்கி விரலை மடக்கும் செயற்கைக் கைகள் இருக்கின்றன. ராத்திரி சார்ஜ் போட வேண்டும், விலையும் லட்சங்களில். கத்திரி வெயிலில் உறைக்குள் வியர்த்து, தோல் புண்ணாகும். அவன் கையைக் கழற்றி ஃபேன் காற்றில் காயவிடும் காட்சிதான் என் மனைவிக்குப் பிடித்த காட்சி.

படமெடுப்பது பற்றிச் சுருக்கமாக: டிரைபாடை அசைக்காமல் முதலில் ஆளில்லாத பிரேமை எடுங்கள், பிறகு ஆளோடு எடுத்து, எடிட்டிங்கில் கையை மட்டும் விட்டு மற்றதை அழியுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் முயன்றேன். அலை அசைவதால் இரண்டும் ஒட்டவில்லை. சுவர்ப் பின்னணிதான் சரி. கடற்கரைக்கு மணலில் ஒவ்வொன்றாக விழும் காலடித் தடமே போதும்.

கடைசிப் பிரதியை மாமாவிடம் கொடுத்தேன். கம்பத்துக் காட்சியில் விரலை வைத்து, "எர்த் ராடு எங்க?" என்றார். எல்.சி. வாங்கினாலும் கம்பியை அந்தத் தடியால் தரையோடு இணைத்து எர்த் பண்ணிவிட்டுத்தான் தொடவேண்டுமாம். பண்ணியிருந்தால் கை போயிருக்காது. ஏன் பண்ணவில்லை? மூன்று நாளாகக் கரண்ட் இல்லாத தெரு கீழே நின்று கத்துகிறது, அவனுக்கு அவசரம். அந்தக் காட்சியை இப்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். கத்துகிற கூட்டத்தில் முதல் ஆளாக அவன் அம்மாவையே நிறுத்தியிருக்கிறேன்.