ரெஃபரன்ஸ் ஸ்ட்ரெய்ன் கைக்கு வந்தாச்சு, அடுத்து என்ன?

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அடியில் ஒட்டிக்கிடக்கும் வெள்ளைத் துகள். இதுதான் இ.கோலை ஏடிசிசி 25922 (பண்புகள் முன்பே தெரிந்த, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பாக்டீரியா வகை; ஏடிசிசி என்பது அதை வழங்கும் அமெரிக்கச் சேகரிப்பு மையம்) என்றால் முதல்முறை பார்ப்பவருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் உங்கள் ஆன்டிபயாடிக் வட்டு (மருந்து ஏற்றிய காகித வில்லை), அகார் (பாக்டீரியா வளரும் கூழ்), இன்குபேட்டர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கப் போவது இதுதான், அதனால் இதைக் கெடுத்துவிட்டால் அதற்குப் பிறகு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

கூட வந்த தாளை முதலில் படியுங்கள். எந்த ஊடகம், என்ன வெப்பநிலை, எந்த உயிர்ப்பாதுகாப்பு நிலை என்பதெல்லாம் அதில் இருக்கும். லாட் எண், வந்த தேதி இரண்டையும் பதிவேட்டில் எழுதிவிட்டு, பயோசேஃப்டி கேபினட்டுக்குள் (கிருமி வெளியே பரவாமல் காக்கும் பெட்டி) வைத்துத் திறந்து, சுமார் அரை மில்லி ப்ராத் (பாக்டீரியா வளரும் சத்துத் திரவம்) விட்டுக் கரைத்து, சத்துள்ள அகார் தட்டில் லூப் என்ற கம்பி வளையத்தால் கோடிழுங்கள். 35 முதல் 37 டிகிரியில் ஓர் இரவு போதும்.

மறுநாள் காலனிகள் (தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டுகள்) எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றனவா? கிராம் சாயம், ஆக்சிடேஸ் மாதிரி அடிப்படைச் சோதனைகளில் எதிர்பார்த்ததுதான் வருகிறதா? சந்தேகம் இருந்தால் உறைய வைக்காதீர்கள். கலப்படத்தை உறைய வைத்தால் அதுவும் பத்திரமாகத்தான் இருக்கும்!

சரி, இப்போது சேமிப்பு. ஒரே காலனியை எடுக்காமல் நாலைந்து காலனிகளைச் சேர்த்து எடுத்து ப்ராத்தில் வளருங்கள், ஏனென்றால் நீங்கள் தொட்ட அந்த ஒன்று மாறிப்போனதாக இருந்துவிடலாம். வளர்ந்த ப்ராத் 0.7 மில்லி, ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) 50% கிளிசரால் 0.3 மில்லி. கலந்தால் கிளிசரால் 15% ஆகிவிடும், பனிப் படிகங்கள் செல்லைக் கிழிக்காமல் இருக்க அது தேவை. பத்திருபது குப்பிகளில் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள், முடிந்தால் பாதியை வேறொரு ஃப்ரீசரில். பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் வீட்டு ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம், அது விட்டுவிட்டுச் சூடாவதில் செல்கள் செத்துப்போகும். பெயர், எண், பாசேஜ் (எத்தனையாவது முறை மாற்றி வளர்த்தது), தேதி எல்லாவற்றையும் உறைய வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள், பனி படிந்த குப்பியில் எந்தப் பேனாவும் எழுதாது. ஒரு வாரம் கழித்து ஒரு குப்பியை எடுத்து வளர்த்தும் பாருங்கள்.

எல்லோரும் சறுக்குகிற இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. நானும் ஆரம்பத்தில், தட்டில்தான் இருக்கிறதே என்று தட்டிலிருந்து தட்டுக்கு மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருந்தவன். ஒவ்வொரு மாற்றலும் ஒரு பாசேஜ், மூல கல்ச்சரிலிருந்து ஐந்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. இ.கோலை ஏடிசிசி 35218-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலின் வகை மருந்துகளை உடைக்கும் அதன் பீட்டா-லாக்டமேஸ் நொதிக்கான மரபணு பிளாஸ்மிடில் (செல்லின் முதன்மை டி.என்.ஏ-விலிருந்து தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ வளையம்) இருக்கிறது, திரும்பத் திரும்ப வளர்த்தால் அந்த பிளாஸ்மிட் தொலைந்துபோகலாம். அப்புறம் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் வட்டில் அந்த நொதியைத் தடுக்க வேண்டிய கிளாவுலனேட் கெட்டுப்போயிருந்தாலும் உங்களுக்குத் தெரியவராது, அமாக்சிசிலின் மட்டுமே அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அதனால் இந்த ஸ்ட்ரெய்னோடு ஆம்பிசிலின் வட்டு ஒன்றையும் தனியாக வைத்துப் பாருங்கள், எதிர்ப்பு காட்டவில்லை என்றால் பிளாஸ்மிட் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆகவே உறைந்த குப்பியை உருக விடாமல் மேலாகச் சுரண்டி எடுத்து உடனே திருப்பி வையுங்கள். சுரண்டியதைத் தட்டில் வளர்த்துச் சாய்வு அகாருக்கு (குழாயில் சரிவாக உறைய விட்ட அகார்) மாற்றினால் ஃப்ரிட்ஜில் அதிகபட்சம் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். அன்றாட வேலைக்கு அதிலிருந்து எடுங்கள், தீர்ந்ததும் மீண்டும் ஃப்ரீசருக்குப் போங்கள். வேலைக்கு எடுத்த கல்ச்சரிலிருந்து புதிய சேமிப்புக் குப்பி மட்டும் செய்யவே கூடாது. ஹீமோஃபிலஸ், கொனோரியா கிருமி மாதிரி நோஞ்சான்கள் ஃப்ரிட்ஜில் பிழைக்காது, அவற்றுக்கு சாக்லேட் அகாரும் (சூடாக்கிய ரத்தம் சேர்த்த அகார்) 5% கார்பன் டை ஆக்சைடும் வேண்டும்.

திரவ நைட்ரஜனில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குப்பியைத் திரவத்தில் முக்காமல் ஆவிப் பகுதியில் வையுங்கள். உள்ளே கசிந்த நைட்ரஜன், வெளியே எடுத்ததும் விரிந்து குப்பியை வெடிக்க வைக்கும். முழு முகத்தையும் மறைக்கும் கவசம் (ஃபேஸ் ஷீல்டு) இல்லாமல் அந்தத் தொட்டிப் பக்கமே போகாதீர்கள்.