அன்சாக் குன்றுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில், கடைத்தெருவை ஒட்டியே நிற்கிறது அன்சாக் குன்று. அன்சாக் என்பது முதல் உலகப் போரில் சேர்ந்து போரிட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் பெயர். உச்சிவரை கார் போகும், கட்டணம் கிடையாது. சுலபமாகக் கிடைப்பதாலோ என்னவோ, பலர் பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

மாலையில் போகிறவர்கள் எல்லாரும் செல்போனை மேற்கே நீட்டிக்கொண்டு நிற்பார்கள். என்னைக் கேட்டால், பெரிய தவறு இதுதான். பார்க்க வேண்டியது தெற்கே. கிழக்கு மேற்காக ஓடும் மெக்டொனல் மலைத்தொடரில் சாய்ந்த வெயில் விழும்போது, மதியம் வெளிறிக் கிடந்த பாறை செங்கல் நிறத்துக்கு வரும். கொஞ்ச நேரத்தில் ஊதா படரும். மே முதல் ஆகஸ்ட் வரை சூரியன் வடமேற்கில் இறங்குவதால், நமக்கு எதிரே தெரியும் சரிவில் வெயில் நேராகப் படும். ஜூனில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அரை மணி நேரம் முன்னதாகவே மேலே இருங்கள். மறைந்த உடனே கிளம்பியும் விடாதீர்கள், நிறம் அதற்குப் பிறகும் மாறிக்கொண்டுதான் இருக்கும்.

அதே தெற்குத் திசையில் மலை ஓரிடத்தில் வெட்டினாற்போலப் பிளந்திருக்கும். அதுதான் ஹெவிட்ரீ கணவாய். டாட் ஆறு, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை, நாட்டின் தெற்கையும் வடக்கையும் இணைக்கும் கான் ரயிலின் பாதை மூன்றும் அந்தச் சந்து வழியாகத்தான் போகின்றன. "ஆறு எங்கே?" என்று தண்ணீரைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் அது வெறும் மணல். ஊருக்குக் கிழக்கே வெளிறிய அடிமரத்தோடு வளைந்து போகும் யூகலிப்டஸ் வரிசையைப் பிடித்துக்கொண்டே போனால் ஆற்றின் தடம் தெரிந்துவிடும்.

குன்றை வெறும் போட்டோ எடுக்கும் மேடையாக நினைப்பது இன்னொரு தவறு. இது மனதுக்குக் கஷ்டமாகவே இருக்கிறது. மேலே நிற்கும் வெள்ளைத் தூண் போரில் இறந்தவர்களுக்காக 1934 ஏப்ரல் 25 அன்று திறக்கப்பட்டது. அதன் படிகளில் ஏறி நின்று போஸ் கொடுக்க வேண்டாம், பிள்ளைகளையும் விளையாட விடாதீர்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் அன்சாக் நாளான ஏப்ரல் 25 விடியற்காலையில் அங்கே அஞ்சலி நடக்கும். அன்று சுற்றுலாவாகப் போகாமல், அஞ்சலி செலுத்தவே போங்கள். தூண் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தக் குன்று இவ்வூரின் பூர்வகுடிகளான அரெர்ன்டே மக்களுக்குப் புனிதமான இடம். கார்க்வுட் மரத்தோடு சேர்ந்த தொல்கதை ஒன்று இதற்கு உண்டு. கல்லைப் பெயர்த்து எடுத்து வராதீர்கள். கீழே ஊரில் இருக்கும் பூர்வகுடி மக்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பொது இடத்தில் மது அருந்த அங்கே தடை இருக்கிறது, பீர் பாட்டிலோடு ஏற வேண்டாம்.

நடந்து ஏறுவதானால் வில்ஸ் டெரஸ் பக்கமிருந்து லயன்ஸ் வாக் பாதை இருக்கிறது. தூரம் குறைவு, ஏற்றம் செங்குத்து. டிசம்பர், ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு என்பதால் நண்பகலில் ஏறவே வேண்டாம். காலையிலோ மாலையிலோ போனாலும் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் நிலைமை நேர்மாறு. பாலைவனம்தானே என்று அரைக்கைச் சட்டையோடு போகிறவர்கள், வெயில் இறங்கியதும் நடுங்கிப்போவார்கள். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகிற ஊர் அது. ஈ மொய்க்கும் காலத்தில் முகவலை உதவும். இருட்டிய பிறகு தனியாக நடந்து இறங்காதீர்கள், காரில் போனால் கைப்பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்காதீர்கள்.

மாலைக் கூட்டம் பிடிக்காதென்றால் விடியற்காலையில் ஏறுங்கள். கிழக்கிலிருந்து வரும் வெயிலிலும் அதே மலை சிவக்கும், இடமும் ஓரளவு அமைதியாக இருக்கும்.