சார்ட்டர் விமான பைலட் வேலை: போகும் முன்பே பலர் செய்கிற தவறுகள்

சார்ட்டரில், அதாவது வாடகைக்கு விடும் தனியார் ஜெட்டில், கோ-பைலட் என்று கடலூரில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி, "எந்த நடிகரை ஏத்திட்டுப் போனீங்க?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதுதான் முதல் தவறு. பயணி யார், கூட யார் வந்தார், எங்கே இறங்கினார், எதையும் வீட்டில்கூடப் பேசக் கூடாது. விமானத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துப் போடுகிறவர்களைக் கம்பெனிக்காரர்கள் தேடிப் பிடித்துக் கழித்துவிடுகிறார்கள்.

பெரிய அடி பணத்தில்தான் விழுகிறது. 200 மணி நேரம் பறந்து சிபிஎல் (சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான லைசென்ஸ்) வாங்கிய கையோடு, "டைப் ரேட்டிங் இருந்தா உடனே வேலை" என்று எவரோ சொன்னதை நம்பி, அப்பாவின் நிலத்தை அடகு வைத்து ஏதோ ஒரு மாடலுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். டைப் ரேட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட மாடலை ஓட்டுவதற்கான தகுதி; ஃபால்கன் 2000க்கு வாங்கிய ரேட்டிங்கை வைத்துக்கொண்டு ஹாக்கர் 800 ஓட்ட முடியாது. பெரிய ஏர்லைன்ஸில் ஒரே மாடல் நூற்றுக்கணக்கில் இருக்கும். சார்ட்டர் கம்பெனியில் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் விமானங்கள், அவையும் ஆளுக்கொரு மாடல். முதலாளி விமானத்தை விற்றுவிட்டால் உங்கள் சீட்டும் அதோடு போச்சு. அதனால் முதலில் வேலை, அப்புறம் ரேட்டிங். பணம் யார் கட்டுவது, பாண்டு (இத்தனை வருஷம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருஷம், விமானம் விற்கப்பட்டாலோ மாதக்கணக்கில் ஹேங்கரில் நின்றாலோ பாண்டு என்ன ஆகும், இதையெல்லாம் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். (விமானம் நின்றால் இன்னொரு தலைவலியும் உண்டு: 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் செய்யாதவர் பயணிகளோடு பறக்க முடியாது.)

பாண்டிச்சேரியில்தான் ஏர்போர்ட் இருக்கிறதே, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நினைக்க வேண்டாம். லாஸ்பேட்டை ஓடுபாதை சுமார் 1500 மீட்டர், ஏடிஆர் மாதிரி புரொப்பெல்லர் விமானம் வந்துபோகும், பெரிய ஜெட்டுக்குப் பத்தாது. வேலை அதிகம் இருப்பது டெல்லி, மும்பையில். சென்னையில் கிடைத்தாலும் ஸ்டாண்ட்பை நாளில் (கூப்பிட்டால் உடனே கிளம்பத் தயாராக இருக்க வேண்டிய நாள்) ஊருக்கு வந்துவிடக் கூடாது. நான் ஒரு முறை வந்தேன். சில்வர் பீச்சில் பஜ்ஜியும் கையுமாக நிற்கும்போது போன், காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டுமாம். ராத்திரி முழுக்க ஈசிஆரில் கார் ஓட்டிப் போய், தூக்கக் கண்ணோடு செக்-லிஸ்ட் வாசித்தேன். கேப்டன் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொருவரை வரவழைத்தார், எனக்கு நல்ல திட்டு.

பாண்டிச்சேரிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது, மது. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் தொடக் கூடாது, ஊதிக் காட்டும் பரிசோதனையில் முதல் முறை மாட்டினாலே லைசென்ஸ் மூன்று மாதம் போய்விடும். எப்போது கூப்பிடுவார்கள் என்றே தெரியாத வேலையில் அந்த 12 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவீர்கள்?

அப்புறம் கௌரவம். பெட்டி தூக்க ஆள் வரவில்லையென்றால் நாம்தான் தூக்க வேண்டும், பயணி இறங்கியதும் சீட் இடுக்கில் கிடக்கும் முந்திரித் தூளைப் பொறுக்குவதும் சில கம்பெனிகளில் நம் வேலைதான். இன்டர்வியூவில் ஒரு கேப்டன், "இட்லி வந்து சட்னி வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது மாதம், விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, யூனிஃபார்மோடு டெர்மினலுக்கு வெளியே ஒரு டிபன் கடை வாசலில் நின்று, "அண்ணே, சட்னி மட்டும் தனியா கட்டித் தருவீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.