ஆசையை மறைக்காமல் ஒப்புக்கொடுங்கள்

ஒரு விருப்பத்தைத் தேவசித்தத்திற்கு ஒப்புக்கொடுக்கத் திணறுகிறவர்கள், "உமது சித்தம் ஆகட்டும்" என்று உடனே முடித்துவிடாமல், முதலில் அந்த ஆசையை உள்ளபடியே, "ஆண்டவரே, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, எனக்குத் திருச்சிக்கே மாற்றல் வேண்டும்" என்பதுபோல் வாய்விட்டுச் சொல்லி, அதன் பிறகு ஒப்புக்கொடுக்க வேண்டும். சொல்லாமல் அமுக்கிய ஆசை மனதில் உழன்றுகொண்டே இருக்கும். சொல்லிவிட்டதைத்தான் கையிலிருந்து விட முடிகிறது. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும், பாத்திரம் (தமக்கு வரவிருந்த பாடுகள்) நீங்கும்படி கேட்ட பிறகே "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல" என்றார்; மத்தேயு 26:39-ஐயும் 42-ஐயும் அடுத்தடுத்து வாசித்தால், இரண்டாம் ஜெபத்தில் அந்த வேண்டுதல் ஏற்புக்கு நகர்ந்திருப்பது தெரியும். மூன்றாம் முறையும் அவர் அதையே ஜெபித்தார் என்பதால், ஒரே நாளில் மனம் அடங்கவில்லையே என்று யாரும் கலங்க வேண்டியதில்லை.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது, பகைத்தவரை மன்னிப்பது போன்று வேதம் தெளிவாகக் கட்டளையிட்டிருப்பவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே கீழ்ப்படிவதே வேலை. வீட்டில் அடி உதை படுகிறவர்கள் அதைத் தேவசித்தமென்று சகித்திருப்பதற்கும் இது வழியல்ல. அவர்கள் முதலில் பாதுகாப்பைத் தேட வேண்டும்.