கடல்நீர் மீன்தொட்டிக்கு நீர்ச் சுத்திகரிப்புக் கருவி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கடல்நீர் மீன்தொட்டி வைக்க எண்ணுகிறவர்களிடம் சுத்திகரிப்புக் கருவியைப் பற்றிப் பேச்செடுத்தால், இருபுறமும் கடல் கிடக்கும் ஊரில் அதற்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்ற கேள்விதான் முதலில் வரும். உப்புவெளி என்று ஓர் ஊருக்கே பெயர் வைத்தவர்கள் நாம் என்பதால் அந்தக் கேள்வியில் வியப்பில்லை. ஆனால் பெரும்பாலான தொட்டிகள் பழுதடையத் தொடங்குவதும் அந்தக் கேள்வியிலிருந்துதான்.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு அப்படியே தங்கிவிடும். குறைந்த நீருக்கு ஈடாகக் கடல்நீரையே ஊற்றிவந்தால் உப்புச் செறிவு நாளுக்கு நாள் ஏறும் என்பதால், ஈடுசெய்வதற்கு நன்னீர்தான் வேண்டும். அந்த நன்னீரில் கரைந்துவரும் பொருள்களோ வெளியேற வழியின்றித் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். 300 லீற்றர் தொட்டியொன்றில் நாளுக்கு 3 லீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 200 மில்லிகிராம் கரைபொருள் கொண்ட நீரை ஊற்றினால் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம், ஓராண்டில் ஏறத்தாழ 219 கிராம் சேர்ந்துவிடும். அது முழுவதும் சோற்றுப்பாக இருந்தால் பெரிய கவலை இல்லை. அதனுடன் நைத்திரேற்று, பொசுபேற்று, சிலிக்கா, செப்பு ஆகியவை கலந்துவருவதுதான் வினை. கச்சான் வீசும் மாதங்களில் ஆவியாதல் கூடும்போது இந்தக் கணக்கும் சேர்ந்தே ஏறும்.

கடல்நீரை அள்ளிவந்து பயன்படுத்துவதை நான் மறுக்கவில்லை. ஆனால் கப்பல்கள் நடமாடும் உள்துறைமுகப் பக்கத்தில் அள்ளுவதும், மகாவலியின் வெள்ளம் கொட்டியாரக்குடாவில் வந்து கலக்கும் மாரி நாட்களில் அதனருகே அள்ளுவதும் தவறு. கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கவேண்டிய நீர், ஆற்றுநீர் கலந்தால் நீர்த்துப்போய்விடும். எவ்வளவு நல்ல கடல்நீர் கிடைத்தாலும், ஆவியான நீரை ஈடுசெய்யத் தூய நன்னீர் தேவை என்பது மாறாது.

கருவியைத் தேடிப்போகுமுன் தம் வீட்டு நீரை அளந்துபார்ப்பவர்கள் மிகக் குறைவு. என் கணிப்பில் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுவே. நகரில் கந்தளாயிலிருந்து சுத்திகரித்துக் கொண்டுவரப்படும் குழாய்நீர் வேறு. சாம்பல்தீவு, நிலாவெளி போன்ற கரையோர மணற்பாங்கான இடங்களின் கிணற்றுநீர் வேறு. மணலுக்கடியில் கடலின் உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதப்பதே அங்கு கிடைக்கும் நன்னீர். கோடையில் மோட்டாரை நெடுநேரம் ஓடவிட்டால் அடியிலிருந்து சவர்த்தண்ணீர் மேலேறிவரும். தை மாதத்தில் நல்ல அளவைக் காட்டிய கிணறு ஆவணியில் அதையே காட்டும் என்று நம்பக்கூடாது. கரைந்துள்ள மொத்தத் திண்மங்களை அளக்கும் ரி.டி.எஸ். மீற்றர் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கருவி. அதை முதலில் வாங்கி, மாரியிலும் கோடையிலும் அளந்து குறித்துவைத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

அளவு தெரிந்தால் மிகுதிக் கணக்கு எளிதாகிவிடும். அழுத்தத்தால் நீரைச் சவ்வினூடே தள்ளித் தூய்மையாக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) கருவியின் உள்ளே இருக்கும் மெம்பிரேன் எனப்படும் சவ்வு, கரைபொருளில் 96 முதல் 98 வீதம் வரை தடுக்கும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். வெறும் இரண்டு வீத வேறுபாடுதானே என்று விலை குறைந்ததை எடுப்பவர்கள், தடுக்கப்படாமல் கடந்துவரும் பங்கைப் பார்ப்பதில்லை. ரி.டி.எஸ். 300 அளவுள்ள (லீற்றருக்கு 300 மில்லிகிராம்) நீரை 98 வீதச் சவ்வு 6 ஆகக் குறைக்கும். 96 வீதச் சவ்வு 12 இல் விட்டுவிடும். கடந்துவரும் அழுக்கு இருமடங்காவதால் அதன் பின்னால் இருந்து எஞ்சிய கரைபொருளைப் பிடித்துக்கொள்ளும் ரெசினும் பாதிக் காலத்திலேயே தீர்ந்துவிடும். ரெசின்தான் அடிக்கடி மாற்றவேண்டிய செலவு மிகுந்த பாகம். சவர்க் கிணற்றில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும்: 2,000 அளவுள்ள நீரில் 96 வீதச் சவ்வு 80 ஐ மிச்சம்வைக்கும், அதோடு உப்புநீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் எதிர்த்து நிற்பதால் கிடைக்கும் நீரின் அளவும் குறையும். அப்படிப்பட்ட கிணறுள்ளவர்கள் கருவிக்குக் குழாய்நீர் இணைப்பைப் பயன்படுத்துவதே சிக்கனம். கடல்நீரையே இந்தக் கருவியில் விட்டு நன்னீராக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறத்தாழ 27 பார் (அழுத்த அலகு). வீட்டுக் கருவி இயங்குவதோ 4 பார் அளவில்.

குடிநீருக்கென்று விற்கப்படும் ஆர்.ஓ. கருவியை மீன்தொட்டிக்கு வாங்குவது நானே செய்த தவறு. கடைக்காரர், "ஏழு கட்டங்கள் இருக்குது, இதைவிடச் சுத்தமான தண்ணி கிடைக்காது" என்று உறுதி சொன்னார். வாங்கிவந்து சில வாரங்களில் மணல் மீதும் கண்ணாடி மீதும் மண்ணிறப் பாசி படர்ந்தது. தேய்த்துக் கழுவிக் களைத்த பிறகுதான் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப்பார்த்தேன். சவ்வுக்குப் பிறகு இருந்த ஒரு குழல், சுவைக்காகக் கனிமங்களைத் திரும்பவும் நீரில் சேர்ப்பது. இன்னொன்று கிருமிகளைக் கொல்லும் புறஊதா விளக்கு, அது கரைபொருளைத் தொடுவதே இல்லை. இருக்கவேண்டிய ரெசின் கட்டமோ அதில் இல்லவே இல்லை. குடிப்பவருக்கு ஏற்ற நீர் தொட்டியிலுள்ள முருகை உயிரிகளுக்கும் ஏற்றதாக இருக்கும் என்று எண்ணியது என் பிழை. இவ்வகைக் கருவிகளில் இருக்கும் அழுத்தத் தாங்கியும் ஒரு தொல்லை. தாங்கி நிறைய நிறைய எதிரழுத்தம் கூடிச் சவ்வின் தடுக்கும் திறன் குறையும். மீன்தொட்டிக்கான கருவியில் திண்மத் துகள் வடிகட்டி, காபன் வடிகட்டி, சவ்வு, ரெசின் என்ற நான்கும் இந்த வரிசையில் இருந்தால் போதும்.

நம் வீடுகளில் கவனிக்கப்படாமல் போவது அழுத்தம். சவ்வின் பெட்டியில் 75 கலன், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 284 லீற்றர் என்று அச்சிட்டிருப்பது 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் 50 முதல் 65 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரையான அழுத்தத்திலும் கிடைக்கும் அளவு. கூரைமேல் நீர்த்தாங்கியிலிருந்து இறங்கும் நீர், ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் 1.42 பி.எஸ்.ஐ. மட்டுமே தரும். நான்கு மீற்றர் உயரத்திலுள்ள தாங்கி 6 பி.எஸ்.ஐ. கூடத் தராது, 60 வேண்டுமென்றால் தாங்கியை 42 மீற்றர் உயரத்தில் ஏற்றவேண்டும். அழுத்தம் குறைந்தால் நீர் சொட்டுச் சொட்டாக வரும் என்பதோடு, அதில் அழுக்கின் பங்கும் கூடியிருக்கும். அதனால் பூஸ்டர் பம்ப் இங்கே பெரும்பாலும் கட்டாயமாகிவிடும். கருவியின் விலையை ஒப்பிடும்போது அதன் விலையையும் சேர்த்தே பார்க்கவேண்டும். உச்சிவெயிலில் கறுப்புத் தாங்கியின் நீர் கொதிநிலைக்குப் போனதுபோல் சுடும் என்பது குளித்தவர்களுக்குத் தெரியும். வழக்கமான சவ்வுகளுக்கு 45 பாகை உச்ச வரம்பு; சூடான நீரில் உற்பத்தி கூடினாலும் தடுக்கும் திறன் குறையும். கருவியை அதிகாலையில் அல்லது இரவில் ஓடவிடுவது நல்லது.

குளோரின் இந்தச் சவ்வுகளை அரித்துவிடும். குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்காக அது சேர்க்கப்படுகிறது; சவ்வை அடையுமுன் அதை நீக்குவது காபன் வடிகட்டிதான். கிணற்றுநீர் பயன்படுத்துபவர்களும் வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் இட்டால், அதன் வாசனை போகும்வரை கருவியை நிறுத்திவைக்கவேண்டும். காபன் வடிகட்டி கெட்டுப்போனதை ரி.டி.எஸ். மீற்றர் காட்டாது, ஆகவே தயாரிப்பாளர் சொல்லும் கால அளவில் அதை மாற்றிவிடுவதே வழி. சில நூறு ரூபா மிச்சம்பிடிக்கப் போய்ச் சவ்வையே இழந்தவர்களை நான் அறிவேன்.

ரெசின் கட்டத்தை வீண் செலவென்று விட்டுவிடுவதும், அது தீர்ந்த பிறகும் ஓடவிடுவதும் ஒரே அளவு தீங்கானவை. தீரும் நிலையிலுள்ள ரெசின், தான் இலேசாகப் பிடித்துவைத்திருந்த சிலிக்கா போன்றவற்றைத்தான் முதலில் கைவிடும். சிலிக்காவை மீற்றர் சரியாகக் காட்டாது என்பதால், 0 என்ற எண்ணைப் பார்த்து நாம் நிம்மதியாக இருக்கும்போதே சிலிக்காவைக் கொண்டு வளரும் மண்ணிறப் பாசி தலைகாட்டும். எண் 1 ஆனதுமே ரெசினை மாற்றிவிடுவது என் வழக்கம். கருவி நின்றிருக்கும்போது சவ்வின் இருபுறமும் கரைபொருள் ஊடுருவிச் சமநிலை நோக்கிப் போவதால், மறுபடி தொடங்கியதும் வரும் முதல் சில நிமிட நீரின் ரி.டி.எஸ். அளவு உயர்ந்தே இருக்கும். அதை ரெசினுக்குள் விடாமல் வெளியே போக்க ஒரு திருகு வால்வு இருந்தால் ரெசின் நெடுநாள் உழைக்கும். அதனாலேயே நாள்தோறும் இரண்டு லீற்றர் எடுப்பதைவிட, வாரம் ஒருமுறை சேர்த்து எடுப்பது சிக்கனம்.

ஒரு லீற்றர் தூய நீருக்கு மூன்று, நான்கு லீற்றர் கழிவாகப் போவதைக் கண்டு மனம் பொறுக்காமல் கழிவுக் குழாயை நெருக்கிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓட்டம்தான் சவ்வின் மேல் உப்பு படியாமல் கழுவிச்செல்கிறது. நெருக்கினால் சவ்வு சுண்ணாம்பு படிந்து அடைபட்டுப்போகும். ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் 300 அளவுள்ள குழாய்நீரின் கழிவு ஏறத்தாழ 400 ஆகத்தான் இருக்கும். வாளியில் பிடித்து முற்றம் கழுவவும் தென்னைக்கு ஊற்றவும் அது தாராளமாகப் போதும்.

சுத்திகரித்த நீர் செல்லும் வழியில் பித்தளை இணைப்புகளோ செப்புக் குழாயோ இருக்கக்கூடாது, ஏனெனில் செப்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலுக்கும் முருகைக்கும் நஞ்சு. முன்பு இரசாயனம் இருந்த நீலப் பீப்பாய்களில் நீரைச் சேமிக்கவேண்டாம். நாகத்தகட்டுக் கூரையில் வழிந்த மழைநீரும் வேண்டாம். கருவியைத் தெரிவுசெய்யும்போது அதன் குழல்கள் பொதுவான 10 அங்குல அளவில் உள்ளனவா என்று பாருங்கள். ஒரே நிறுவனத்தின் தனி வடிவக் குழல் தீர்ந்துபோனால், கொழும்பிலிருந்து பொதி வரும்வரை தொட்டி காத்திராது.