அரசுப் பள்ளியில் குறையா? மனுவை எழுதும் முறை

தலைமை ஆசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொன்ன குறை பெரும்பாலும் அந்த அறையைத் தாண்டாது. எழுதி, தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய மனுவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை வைத்து அதற்கான வழி இது.

முதலில் குறையை அளந்து பாருங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அதன் அட்டவணையே சொல்கிறது. 1 முதல் 5 வகுப்பு வரை, 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 6 முதல் 8 வகுப்புகளுக்கு 220. ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர். அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. வேறு பள்ளிக்கு மாறும்போது மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. சான்றிதழ் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.

ஆகவே "ஆசிரியர்கள் சரியில்லை" என்று எழுதாதீர்கள். "1 முதல் 5 வகுப்புகளில் 75 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஜூன் முதல் 2 ஆசிரியர்களே இருக்கிறார்கள். சட்டப்படி 3 பேர் வேண்டும். காலியிடத்தை நிரப்பித் தரவும்" என்று எழுதுங்கள். எண்ணிக்கை, தேதி, விதி, கோரிக்கை நான்கும் இருந்தால் ஒரு பக்கமே போதும். ஒரே மனுவில் பத்துக் குறைகளைக் கொட்டினால், சுலபமான ஒன்றுக்குப் பதில் எழுதி மொத்தத்தையும் முடித்துவிட இடம் கொடுக்கிறோம். குறைக்கு ஒரு மனு என்று பிரித்துவிடுங்கள்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. பெற்றோர் கையில் இருக்கும் வலுவான கருவி இதுதான். வீணாகக் கிடப்பதும் இதுதான். சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நீங்கள் உறுப்பினராக இல்லாவிட்டாலும் தலைவரிடம் மனுவைக் கொடுத்து, கூட்டத்தில் தீர்மானமாகப் பதியச் சொல்லலாம். உறுப்பினராக இருந்தால் ஒன்றில் கவனம் வேண்டும்: தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. பிறகு அதில் என்ன ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை. எழுதியதைப் படித்துவிட்டு, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி அளவில் தீராவிட்டால், தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர். அதற்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர். எடுத்த எடுப்பில் அமைச்சருக்கு எழுதினால் மனு பெரும்பாலும் இதே மேசைக்குத்தான் இறங்கி வரும், நாட்கள்தான் போகும். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் புகாரைச் சொல்லலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் கொடுக்கும் புகாரை, இரு தரப்பையும் கேட்டு 3 மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஆதாரம் போதவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் நிரப்பவில்லை" என்று கேட்டால் அது கேள்வி, தகவல் இல்லை என்று தட்டிக்கழிக்கலாம். "அனுமதிக்கப்பட்ட, காலியான பணியிடங்களின் பட்டியல் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பாலியல் துன்புறுத்தலுக்கு மேலே சொன்ன படிகள் எதுவும் பொருந்தாது. பள்ளியின் உள்விசாரணை முடியட்டும் என்று ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். உடனே குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது காவல் நிலையம். தனக்குக் கீழ் வேலை செய்பவர் மீதான குற்றத்தைத் தெரிந்தும் மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தையை ஆளாளுக்கு விசாரிக்க விடாதீர்கள். சொன்னதை அதே வார்த்தைகளில், தேதியோடு எழுதி வையுங்கள்.